250 ஹெச்பி கார் 180-இடம் தோற்றது: குறை எஞ்சினிலா, ஓட்டுகிற எனக்கா?

நாலாங்கியர்:

எல்லோருக்கும் வணக்கம். டிராக் ரேஸுக்கு (drag race, இரண்டு வண்டிகள் நேர்கோட்டில் ஓடுவது) நான் புதிது, முறையான டிராக்கில் மட்டும்தான் ஓட்டுகிறேன், கால் மைல் தூரம். என் கார் டர்போ, மேனுவல் கியர், முன்சக்கர இழுவை. எஞ்சினில் சுமார் 250 ஹெச்பி, நானும் உட்கார்ந்தால் மொத்த எடை 1,400 கிலோ. போன முறை பக்கத்து லேனில் நின்றது டர்போ கூட இல்லாத 180 ஹெச்பி கார், பின்சக்கர இழுவை, ஆளோடு சேர்த்து 1,150 கிலோதான். அது லேசான கார் என்பது தெரியும், ஆனால் கிலோவுக்கு எத்தனை ஹெச்பி என்று வகுத்துப் பார்த்தாலும் என் கார்தான் 14 சதவீதம் மேலே வருகிறது. அப்படியும் கோட்டைத் தாண்டும்போது அவருடைய பின்விளக்குகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்லிப்பில் (ஓட்டம் முடிந்ததும் தருகிற நேரச் சீட்டு) இருந்தது இது. எனக்கு ரியாக்ஷன் (பச்சை விளக்குக்குப் பிறகு கிளம்ப எடுத்தது) 0.71 விநாடி, முதல் 60 அடிக்கு 2.45, ஈ.டி. (கிளம்பியதிலிருந்து கோடு வரை ஓடிய நேரம்) 14.41, கடைசி வேகம் மணிக்கு 162 கி.மீ. அவருக்கு ரியாக்ஷன் 0.19, 60 அடி 2.07, ஈ.டி. 14.23, வேகம் 155 கி.மீ.

டியூனிங் செய்கிறவர் ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவது) போட்டு, இன்டர்கூலரையும் மாற்றினால் 290 ஹெச்பி வரும் என்கிறார். டிராக்கில் பழகியவர்கள் சிலர் "முதலில் ஓட்டக் கற்றுக்கொள்" என்கிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய எனக்கு வசதியும் இல்லை, நேரமும் இல்லை. உண்மையில் திறமைக்கு எவ்வளவு பங்கு, ஹெச்பிக்கு எவ்வளவு பங்கு? அனுபவம் உள்ளவர்கள் பொதுவாகப் பேசாமல் இந்த ஸ்லிப்பை வைத்தே சொன்னால் நல்லது.

---

கணக்குப்பிள்ளை:

ஸ்லிப் போட்டதற்கு நன்றி. பாதிப் பேர் ஸ்லிப்பைக் கசக்கிப் போட்டுவிட்டு வந்து "ஏன் தோற்றேன்" என்று கேட்பார்கள்.

முதலில் கடைசி வேகத்தைப் பாருங்கள். கோட்டுக்கு முந்தைய 20 மீட்டரில் அளக்கிற அந்த எண்ணை ஓட்டுநரால் பெரிதாகக் கெடுக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. கிளம்பும்போது சொதப்பினாலும் வேகம் கொஞ்சம்தான் குறையும், நேரம்தான் எகிறும். அதனால் கடைசி வேகம் எஞ்சினைப் பற்றிச் சொல்லும், 60 அடி நேரம் உங்களையும் டயரையும் பற்றிச் சொல்லும். டிராக் வட்டாரத்தில் பல காலமாகப் புழங்கும் ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது: கி.மீ. வேகத்தை 289-ஆல் வகுத்து, வந்ததன் கனத்தை (அதே எண் × அதே எண் × அதே எண்) எடுத்து, கிலோ எடையால் பெருக்கினால் ஹெச்பி வரும். உங்கள் 162-ஐப் போட்டால் 246 வருகிறது. அவருடைய 155-ஐப் போட்டால் 177. ஆக இரண்டு எஞ்சினும் சொன்ன வேலையைச் செய்கின்றன, உங்கள் காரில் ஹெச்பி எங்கேயும் ஒளிந்துகொள்ளவில்லை.

இனி ஈ.டி. அதே வகைக் கணக்குப்படி நல்ல பிடிப்பும் ஒழுங்கான கிளப்பலும் இருந்தால் உங்கள் கார் 13.4, 13.5 ஓட வேண்டும். நீங்கள் ஓடியது 14.41, கிட்டத்தட்ட ஒரு முழு விநாடி காணோம். அவருடைய கார் 14.07 ஓட வேண்டியது, 14.23 ஓடியிருக்கிறது. அவர் தன் காரில் இருப்பதை ஏறக்குறைய முழுசாகப் பிழிந்துவிட்டார்.

இன்னொன்று, இதைப் புதியவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். ஈ.டி.யில் ரியாக்ஷன் சேராது. பச்சை எரிந்த பிறகு நீங்கள் பத்து விநாடி தூங்கிவிட்டுக் கிளம்பினாலும் ஈ.டி. அதேதான், ஏனென்றால் உங்கள் முன்டயர் ஸ்டேஜில் (கிளம்புகிற கோட்டில்) உள்ள ஒளிக்கற்றையை விட்டு விலகும்போதுதான் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஆனால் யார் முதலில் கோட்டைத் தாண்டினார் என்பதில் இரண்டும் சேரும். உங்கள் கூட்டுத்தொகை 15.12, அவருடையது 14.42. வித்தியாசம் 0.70 விநாடி, உங்கள் வேகத்தில் அது 30 மீட்டருக்கு மேல். அந்த 0.70-இல் 0.52 வெறும் ரியாக்ஷன். கார் கோட்டை விட்டே கிளம்பாத நேரம் அது! அதில் எஞ்சின் என்ன செய்யும்?

290 ஹெச்பி ஆக்கினால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பார்த்தேன். நேரம் ஹெச்பியின் கனமூலத்தோடுதான் மாறும் என்பதால் 16 சதவீதம் கூட்டினால் ஈ.டி. 5 சதவீதம் குறையும், அதாவது 14.41 போய் 13.71 ஆகும். அதோடு உங்கள் 0.71 ரியாக்ஷனைக் கூட்டினால் 14.42. அவருடைய எண்ணும் 14.42தான்! அதாவது அவ்வளவு செலவு செய்து, கூடுதல் பவர் ஒரு துளி வீல்ஸ்பின் (டயர் பிடிக்காமல் வெறுமனே சுழல்வது) கூட ஆகாமல் ரோட்டுக்கு இறங்கினால், சமமாக வருவீர்கள். 2.45 என்ற 60 அடியைப் பார்த்தால் உங்கள் டயர் இப்போதே சுழன்றுகொண்டிருக்கிறது, கூடுதல் 40 அங்கே புகையாகத்தான் போகும்.

மாறாக, 60 அடியை 2.20-க்குக் கொண்டுவந்தால் அந்த கால் விநாடி கோட்டில் ஒன்றரை மடங்காகத் திரும்பி வரும், சிலருக்கு இரண்டு மடங்கும் வரும். குறைவாகவே வைத்தாலும் ஈ.டி. 14.04. ரியாக்ஷன் 0.35 என்றால் மொத்தம் 14.39. எஞ்சின் மூடியைத் திறக்காமலே ஜெயித்திருப்பீர்கள்.

---

ரப்பர்புகை:

கணக்கு சரி, ஆனால் இந்தத் "திறமைதான் எல்லாம்" பாட்டை நான் கொஞ்சம் எதிர்த்துத்தான் பேச வேண்டும்.

முதல் விஷயம், எதிர்க் காரின் 2.07 முழுக்க அந்த ஆளின் திறமை இல்லை. கிளம்பும்போது எடை பின்னால் போகிறது. பின்சக்கர இழுவைக் காருக்கு அது வரம், டயரை இன்னும் அழுத்திப் பிடிக்கும். முன்சக்கர இழுவைக்கு அதே எடை எந்த டயர் இழுக்க வேண்டுமோ அதிலிருந்தே விலகிப் போகிறது. உலகத்திலேயே சிறந்த ஆளை இவர் காரில் அதே ரோட்டு டயரோடு உட்கார வைத்தாலும் 2.07 வருமா என்பது சந்தேகம். நல்ல டிராக் ரேடியல் டயர் (drag radial, ஒட்டிப் பிடிக்கிற ரேஸ் டயர்) போட்டால் வரும். அது திறமையா, பணமா?

இரண்டாவது, திறமைக்கு ஒரு தரை இருக்கிறது. ரியாக்ஷன் 0.000-க்குக் கீழே போனால் சிவப்பு விளக்கு, ஆட்டம் முடிந்தது. நல்ல பழக்கம் வந்த இரண்டு பேருக்கு நடுவில் ரியாக்ஷன் வித்தியாசம் ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு இருந்தால் பெரிது. 60 அடியிலும் டயர் அனுமதிக்கிற எல்லை வரைதான் போகலாம். அதற்குப் பிறகு என்ன செய்வீர்கள்? ஹெச்பிதான். புதியவரின் முதல் பருவத்தில் திறமை நிறைய நேரத்தைத் தரும், அதைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு 0.1-ம் எஞ்சினிலிருந்தும் எடைக் குறைப்பிலிருந்தும்தான் வரும்.

மூன்றாவது, இப்போது வருகிற இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்குகளைப் பாருங்கள். லாஞ்ச் கன்ட்ரோல் பொத்தானை அமுக்கி, பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும், கியரும் அதுவே மாற்றிக்கொள்ளும். முதல் நாள் வருகிறவர் கூட அந்தக் காரின் சிறந்த நேரத்துக்குப் பக்கத்தில் ஓடிவிடுவார். அங்கே ஓட்டுநருக்கு மிச்சம் இருப்பது ரியாக்ஷன் ஒன்றுதான். நான் பழைய ஆள், கிளட்ச் பெடல்தான் பிடிக்கும், ஆனாலும் அதை ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும்.

அப்புறம் 250 ஹெச்பி என்று சொல்வது உச்சி எண். ஓடும்போது உச்சியில் யாரும் இருப்பதில்லை. 6,500-இல் கியர் மாற்றினால் ரெவ் 4,500 பக்கம் வந்து விழும், அந்த இரண்டுக்கும் நடுவில் சராசரியாக எவ்வளவு தள்ளுகிறது என்பதுதான் நேரத்தைத் தீர்மானிக்கும். 290 தருகிற மேப்பிலேயே ஒன்று உச்சியில் மட்டும் எகிறும், இன்னொன்று 4,000-இலிருந்தே நிரப்பிக்கொண்டு போகும். டைனோ (எஞ்சின் சக்தியை அளக்கிற கருவி) தாளில் பெரிய எழுத்தில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள், முழு வளைவையும் பாருங்கள்.

---

இரண்டுசக்கரம்:

கார்க்காரர்கள் நடுவில் ஒரு பைக்காரன் நுழைகிறேன், மன்னிக்கவும்.

எங்கள் பக்கம் இந்தக் கேள்விக்கு இன்னும் பச்சையாகப் பதில் கிடைக்கும். 1,000 சிசி சூப்பர் பைக்கில் முன்சக்கரம் தூக்குகிற எல்லை சுமார் 1 ஜி (புவியீர்ப்புக்குச் சமமான வேக ஏற்றம்). பைக்கின் நீளமும் எடை மையத்தின் உயரமும் சேர்ந்து போடுகிற எல்லை அது, எஞ்சின் போடுகிறதல்ல. ஆளோடு 280 கிலோ என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 100 கி.மீ. வரை அந்த 1 ஜி-யில் இழுக்க 100 ஹெச்பி சுற்றியே போதும். 200 ஹெச்பி வைத்திருப்பவர் முதல் 100 கி.மீ. வேகம் வரை பாதி எஞ்சினைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் ஓட்டுகிறார், அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். அந்தக் கட்டத்தில் முன்சக்கரம் தரையை லேசாக உரசிக்கொண்டே போகிற மாதிரி கிளட்சை விடத் தெரிந்தவருக்குத்தான் நேரம். மார்பை டேங்கின் மேல் படுக்க வைத்து எடையை முன்னால் கொண்டுபோக வேண்டும், காலை சீக்கிரம் ஃபுட்பெக்கில் ஏற்ற வேண்டும், முன்சக்கரம் எழும்பினால் த்ராட்டிலை அப்படியே மூடாமல் கிளட்சால் தணிக்க வேண்டும். மூடிவிட்டால் சக்கரம் தொப்பென்று விழும், மறுபடி திறக்கும்போது மறுபடி தூக்கும், அதற்குள் எதிராளி 330 அடியைத் தாண்டியிருப்பார்.

அதனால்தான் ஒரே பைக், ஒரே நாள், ஒரே டிராக்கில் ஒருவர் 10 விநாடிக்குக் கொஞ்சம் மேலே ஓடுவார், பைக்கின் சொந்தக்காரர் 11-க்குக் கீழே இறங்கவே திணறுவார். பைக்கில் ஆளின் எடையும் ஒரு ஹெச்பி என்பதையும் சொல்லிவிடுகிறேன். 280-இல் 15 கிலோ குறைவது எஞ்சினில் கிட்டத்தட்ட 6 சதவீதம் கூட்டுவதற்குச் சமம். (என் உடம்பைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.)

---

பச்சைவிளக்கு:

எல்லோரும் நேருக்கு நேர் ஓட்டத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அமெச்சூர் டிராக் ரேஸில் பலர் ஓடுவது பிராக்கெட் முறையில், அங்கே இந்தக் கேள்வியே தலைகீழாகிவிடும்.

தெரியாதவர்களுக்காக. ஓடுவதற்கு முன் உங்கள் கார் எத்தனை விநாடியில் முடிக்கும் என்று நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கு டயல்-இன் என்று பெயர். நாலாங்கியர் 14.40 என்று எழுதி, எதிராளி 12.10 என்று எழுதினால், நாலாங்கியருக்கு 2.30 விநாடி முன்னதாகவே பச்சை கிடைக்கும். சொன்ன நேரத்தை விட வேகமாக ஓடினால் பிரேக்-அவுட், தோல்வி. (இருவரும் தாண்டினால் குறைவாகத் தாண்டியவர் ஜெயிப்பார்.) எழுதிய நேரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் ஓடினீர்கள், விளக்குக்கு எவ்வளவு சீக்கிரம் கிளம்பினீர்கள், இந்த இரண்டும்தான் மிச்சம். ரியாக்ஷன் 0.05, 14.40-க்கு 14.43 ஓடினால் மொத்த விரயம் 0.08, அதை 12 விநாடிக் கார் வெல்வது சுலபமில்லை. ஹெச்பி கணக்கிலிருந்து அப்படியே கழன்றுவிடுகிறது. இன்னும் சொன்னால் அதிக ஹெச்பி அங்கே தொந்தரவு, டயர் ஒரு ஓட்டத்தில் பிடிக்கும், அடுத்ததில் வழுக்கும், எழுதிய நேரம் பொய்யாகும். காற்று சூடானாலே எஞ்சின் மந்தமாகும், காலையில் எழுதின எண் மதியத்துக்கு ஒத்துவராது. அதையெல்லாம் கணித்து எழுதுவதும் திறமைதான், அது ஸ்டியரிங்கில் இல்லை அவ்வளவுதான்.

இப்போது அந்த 0.71. நாலாங்கியர், நீங்கள் பச்சையைப் பார்த்துக் கிளம்புகிறீர்கள், சரிதானே? வழக்கமான ட்ரீயில் (கிளம்பச் சொல்கிற விளக்குக் கம்பம்) மூன்று மஞ்சளும் அரை அரை விநாடி இடைவெளியில் இறங்கி வரும், கடைசி மஞ்சளுக்கு அரை விநாடி கழித்துப் பச்சை. கண் பார்த்து மூளை சொல்லிக் கால் அசைய 0.2 விநாடிக்குக் குறையாது. அதன் பிறகு கிளட்ச் பிடித்து, டயர் உருண்டு, கற்றையை விட்டு விலக இன்னொரு 0.2, 0.3 ஆகும். பச்சைக்காகக் காத்திருந்தால் 0.5 உங்களுக்கு எழுதி வைத்தது. கடைசி மஞ்சள் எரியத் தொடங்குகிற நொடியில் கிளம்புங்கள், பச்சையைக் கண்ணாலேயே பார்க்காதீர்கள். மூன்று மஞ்சளும் ஒன்றாக எரிகிற புரோ ட்ரீ என்றால் 0.4 விநாடியில் பச்சை வந்துவிடும், அதற்குத் தனிப் பழக்கம் வேண்டும்.

ஸ்டேஜில் எவ்வளவு உள்ளே நிற்கிறீர்கள் என்பதும் இருக்கிறது. ஸ்டேஜ் விளக்கு எரிந்த மறு இன்ச்சிலேயே நின்றால் கற்றையை விட்டு விலக முன்டயர் ஏறக்குறைய ஒரு அடி உருள வேண்டும், கார் அதற்குள் வேகம் பிடித்துவிடுவதால் ஈ.டி. நன்றாக வரும், ரியாக்ஷன் மந்தமாகும். இன்னும் உள்ளே நகர்ந்து நின்றால் நேர்மாறு. எது வேண்டும் என்பது யாரோடு ஓடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது, ஆனால் தினம் வேறு வேறு இடத்தில் நின்றால் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

ரப்பர்புகைக்கு ஒரு வார்த்தை. டாப் ஃப்யூல் (டிராக் ரேஸின் மிக வேகமான வகை) கார்களில் 11,000 ஹெச்பிக்கு மேல் என்று சொல்கிறார்கள், 2008-இலிருந்து அவை 1,000 அடிதான் ஓடுகின்றன, நான்கு விநாடிக்குள் முடிந்துவிடும். அங்கேயே மெதுவான ஈ.டி. ஓடியவர் ரியாக்ஷனால் ஜெயிப்பது நடக்கத்தான் செய்கிறது, ஹோல்ஷாட் என்று அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

---

நாலாங்கியர்:

ஆமாம், பச்சைக்குத்தான் காத்திருந்தேன். யாரும் இதைச் சொல்லவில்லை! ரியாக்ஷன் புரிந்துவிட்டது. 60 அடிக்கு என்ன செய்வது? நான் 5,000 ஆர்பிஎம்-இல் வைத்து கிளட்சை ஒரே அடியாக விடுகிறேன், ரோட்டு டயர், காற்று 34 பிஎஸ்ஐ.

---

கணக்குப்பிள்ளை:

5,000-இல் ஒரே அடியாக விட்டால் சுழலாமல் என்ன செய்யும். 3,000 சுற்றில் தொடங்குங்கள், கிளட்சைக் கடிக்கிற இடம் வரை சட்டென்று கொண்டுவந்து, அங்கிருந்து கார் உருள உருள விடுங்கள். சக்கரம் கொஞ்சமாகச் சுழல்வது நல்லது, சத்தம் எகிறினால் அதிகம். ரெவ் விழுந்து டர்போ தூங்கிவிட்டால் 300 கூட்டுங்கள், சுழன்றால் 300 குறையுங்கள். ஒரு ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம், இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

முன்டயரில் காற்றை 2 பிஎஸ்ஐ, 2 பிஎஸ்ஐ-யாகக் குறைத்துப் பாருங்கள், ரோட்டு டயரென்றால் 26-க்குக் கீழே போக வேண்டாம், கோட்டருகே கார் நெளியத் தொடங்கும். பின்டயரில் குறைக்காதீர்கள், கொஞ்சம் கூட்டினாலும் நல்லது. தண்ணீர்ப் பெட்டியை (ரேஸ் டயரைச் சுழற்றிச் சூடாக்க நனைத்து வைத்திருக்கிற இடம்) சுற்றிக்கொண்டு போங்கள், ரோட்டு டயரின் பள்ளங்கள் தண்ணீரைச் சுமந்துகொண்டே ஸ்டேஜுக்கு வந்து உங்கள் இடத்தையே நனைக்கும். காய்ந்த இடத்தில் ஒரு சின்னச் சுழற்று சுழற்றித் தூசியைத் தட்டினால் போதும்.

ரப்பர்புகை சொன்னதில் முன்சக்கர விஷயம் நியாயம்தான். 2.20 வந்த பிறகு எத்தனை முறை ஓடினாலும் அதற்குக் கீழே இறங்கவில்லை என்றால், அடுத்தது டயர், அதற்கடுத்துதான் மேப்.

---

ரப்பர்புகை:

அந்த வரிசைக்கு நானும் சம்மதம். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பிடிக்கிற டயர் போட்ட அன்றிலிருந்து சுமை கிளட்சுக்கும் டிரைவ்ஷாஃப்டுக்கும் போகும். இத்தனை நாள் டயர் வழுக்கி அவற்றைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. மேப்புக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் அதற்கு எடுத்து வையுங்கள், ஸ்டேஜில் ஒரு பக்கத்து ஷாஃப்ட் முறிந்தால் 290-ம் ஒன்றுதான் 250-ம் ஒன்றுதான். ஸ்லிப்புகளில் வெப்பநிலையையும் டயர் காற்றையும் பேனாவால் குறித்து வையுங்கள், மேப் போட்ட பிறகு ஒப்பிட அவைதான் வேண்டும்.